சீட்டு எடுத்தவர் ஏன் தொடர்ந்து கட்டுகிறார்?

இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டு. இரண்டாவது மாதமே ஒருவர் முப்பதாயிரம் தள்ளி எடுத்துவிடுகிறார். கையில் 70,000 ரூபாய். அதுவரை அவர் கட்டியது 8,750 ரூபாய்தான் (தள்ளிய பணத்தில் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் கழிவாகத் திரும்புவதால் தவணை குறையும், கணக்கு கீழே). இன்னும் பதினெட்டு தவணை பாக்கி. பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை, செக் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், பதிவு செய்யாத சீட்டு நடத்தியதற்காகச் சீட்டுப் பிடித்தவரே முதலில் மாட்டிக்கொள்வார். இத்தனை இருந்தும் மூன்றாவது மாதம் ஐந்தாம் தேதி அந்த ஆள் வந்து தவணையைக் கட்டிவிட்டுப் போகிறார்.

ஏன் கட்டுகிறார்? யாரைக் கேட்டாலும் வருகிற பதில், "எல்லாம் ஒரு நம்பிக்கைதாங்க." தெருவில் சொன்னால் அது சரியான பதில். ஆய்வு செய்ய வந்தவர் அதையே அறிக்கையில் எழுதினால் வேலையை ஆரம்பிக்கவே இல்லை என்று அர்த்தம். நம்பிக்கை என்று எல்லோரும் எதைச் சொல்கிறார்களோ, அது எந்தெந்த ஏற்பாடுகளால் நிற்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பொருளியல் சமூகவியலின் வேலை. அமைப்புகளையும் பொருளாதார வாழ்க்கையையும் சமூகவியல் எப்படிப் பார்க்கிறது என்று படிக்க வருகிறவர்களுக்குப் பெரிய கம்பெனியைவிடச் சீட்டு நல்ல பாடம். இருபதே பேர், ஒரே நோட்டு, தொடக்கமும் முடிவும் தேதி போட்டு இருக்கிறது. கம்பெனிக்குள் அனுமதி வாங்கவே ஆறு மாதம் ஆகும்.

முதலில் கணக்கு. இதைத் தாண்டிவிட்டு உறவு, சமூகம் என்று பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். முதல் சீட்டைச் சீட்டுப் பிடிப்பவர் தள்ளு இல்லாமல் முழு லட்சமாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த ஐந்து மாதம் ஏலம் 30,000 தள்ளில் போகிறது. 7 முதல் 11-ஆம் மாதம் வரை 20,000. 12 முதல் 16 வரை 12,000. கடைசி நான்கு மாதம் ஏலம் கேட்க ஆளில்லை, கமிஷன் 5,000 மட்டும் பிடிப்பு. தள்ளில் கமிஷன் போக மீதியை இருபது பேருக்கும் பிரித்தால் முதல் கட்டத்தில் ஆளுக்கு 1,250 கழிவு. அதாவது கட்ட வேண்டியது 3,750. அடுத்து 4,250, பிறகு 4,650, கடைசியில் முழு 5,000. முதல் மாதத்து 5,000-ஐயும் சேர்த்தால் இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது 88,250 ரூபாய்.

இரண்டாவது மாதம் எடுத்தவர் 70,000 வாங்கி 88,250 கட்டுகிறார். மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டே முக்கால் வட்டி. இருபதாவது மாதம் எடுப்பவருக்கு 95,000 வருகிறது. அவருக்குக் கிடைத்தது மாதம் ஏறக்குறைய 0.8 சதவீதம். சீட்டுப் பிடிப்பவருக்கு வட்டியில்லாமல் ஒரு லட்சம், அதோடு பத்தொன்பது மாதக் கமிஷன் 95,000. (கழிவை எடுத்தவருக்கும் சேர்த்துப் பிரிப்பதா, எடுக்காதவர்களுக்கு மட்டுமா என்பது சீட்டுக்குச் சீட்டு மாறும். முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் உங்கள் வட்டிக் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். தள்ளு, கழிவு, கசர் என்று ஊருக்கு ஊர் சொல்லும் மாறும். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு தொகையைக் குறிக்கும்.)

இனி ஓடிப்போவதற்கான ஆசையையும் கணக்குப் போட்டுவிடலாம். இரண்டாவது மாதம் எடுத்தவர் அன்றிரவே காணாமல் போனால் அவருக்கு மிச்சம் 61,250. பத்தாவது மாதம் எடுத்தவர் 80,000 வாங்குகிறார், ஆனால் அதற்குள் 40,750 கட்டியிருக்கிறார். ஓடினால் மிச்சம் 39,250. இருபதாவது மாதம் எடுப்பவர் ஓட வேண்டிய தேவையே இல்லை. ஆபத்து முழுக்க முன்பக்கம் குவிந்திருக்கிறது. அப்படியானால் சீட்டின் உண்மையான விதி நோட்டில் எழுதிய தொகை அல்ல, முன்பக்கத்தில் யாரை எடுக்க விடுகிறார்கள் என்பது. பொருளியலாளர்கள் பெஸ்லி, கோட், லௌரி மூவரும் 1993-இல் காட்டியது போல, தனித்தனியாகச் சேமிப்பதைவிடச் சீட்டில் கடைசி ஆளைத் தவிர எல்லோருக்கும் பணம் சீக்கிரம் கிடைக்கிறது. சீட்டில் ஏன் சேர்கிறார்கள் என்பதற்கு அது நல்ல விளக்கம். எடுத்த பிறகு ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேட வேண்டிய முதல் இடம் ஏலம் நடக்கிற வீட்டுத் திண்ணை.

மாலை ஆறரைக்கு ஏலம் என்றால் ஆறுக்கே போய் உட்காருங்கள். ஏலம் நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. யார் முதலில் வருகிறார், யார் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார், யாருக்குச் சீட்டுப் பிடிப்பவர் எழுந்து இடம் விடுகிறார், யார் சார்பில் இன்னொருவர் கேட்கிறார். பிறகு ஏலம்: "பத்து." "பன்னெண்டு." "பதினைஞ்சு." ஒவ்வொரு அழைப்பையும், கேட்டவரின் இருக்கை எண்ணையும் (நோட்டில் அவர் பங்குக்கு உள்ள எண்), ஏறிய தொகையையும் வரிசையாக எழுதுங்கள். "ஒருதரம்… ரெண்டுதரம்…" என்று இழுக்கும்போது சீட்டுப் பிடிப்பவரின் கண் யார் பக்கம் போகிறது என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்க வந்து கேட்காமல் போனவர். புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாய் திறந்ததும், "நீங்க இன்னும் ரெண்டு மாசம் பொறுங்களேன், அவங்க வீட்ல காதுகுத்து இருக்கு" என்று ஒரு குரல் வரும். பெயருக்கு அது ஏலம். உள்ளே அது தகுதிச் சோதனை. வங்கியில் கடன் அதிகாரி செய்வதை இங்கே ஒரு காதுகுத்து செய்துவிடுகிறது.

இப்போது வாட்சாப்பில் ஏலம் நடக்கிற சீட்டுகள் நிறைய. ஆறரைக்குத் திறந்து ஆறே முக்காலுக்கு மூடுகிற குழு. தொகைகள் நேரத்தோடு பதிவாகிவிடுவதால் ஆய்வுக்கு வசதி என்று தோன்றும். பாதிதான் உண்மை. தடுத்து நிறுத்துகிற பேச்சு முழுக்கத் தனிச் செய்திக்கும் போனுக்கும் போய்விடுகிறது. குழுவில் தெரிவது சுத்தம் செய்யப்பட்ட ஏலம். அதை மட்டும் வைத்து எழுதினால் பொருளியல் பாடப் புத்தகத்தில் வருகிற சந்தை மாதிரியே இருக்கும், அதில் சந்தோஷப்படவும் கூடாது.

இரண்டாவது இடம் நோட்டு. எண், பெயர், தவணை, கட்டிய தேதி, எடுத்த மாதம், தள்ளு என்று அதில் பத்தி இருக்கும். இருபது பேருக்கு இருபது மாதம், 400 கட்டம். தலைப்பில் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் எண் இங்கே இருக்கிறது: ஒவ்வொரு தவணையும் கெடு தேதியிலிருந்து எத்தனை நாள் தள்ளி வந்தது. ஒவ்வொரு இருக்கைக்கும், சீட்டு எடுப்பதற்கு முன் சராசரி எத்தனை நாள், எடுத்த பிறகு எத்தனை நாள் என்று இரண்டு எண் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் விளக்க வேண்டிய பொருள். ஒருவருக்கு அது கூடவில்லை, இன்னொருவருக்கு வாரக் கணக்கில் கூடுகிறது என்றால், அந்த இருவருக்கும் வேறு என்ன வித்தியாசம் என்று தேடுவதற்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. "நம்பிக்கை" என்று எழுதினால் அந்தப் பிடி கிடைக்காது.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. ஒன்று, பணம் வந்த தேதியைச் சீட்டுப் பிடிப்பவர் எழுதுவதில்லை. நோட்டைத் திறந்த தேதியை எழுதுகிறார். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் ஒரே தேதியும் ஒரே பேனா மையும் இருந்தால் அந்தப் பக்கம் ஒரே உட்காரலில் எழுதியது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜீபே பதிவைக் காட்டச் சம்மதிப்பவர்கள் சிலர் கிடைத்தால் அதோடு ஒப்பிட்டு நோட்டு எவ்வளவு நம்பத் தகுந்தது என்று பார்க்கலாம். இரண்டு, இருக்கையும் ஆளும் ஒன்றல்ல. ஒருவரே இரண்டு சீட்டு போட்டிருப்பார். அரைச் சீட்டாக இருவர் பங்கு போட்டிருப்பார்கள். இருபது இருக்கை என்பது பதினேழு ஆளாகவோ இருபத்து மூன்று ஆளாகவோ இருக்கும். மூன்று, பெயரும் பணமும் ஒன்றல்ல. மருமகள் பெயரில் மாமியார் கட்டுவார். கணவன் பெயரில் மனைவி கட்டுவார், அது கணவனுக்கே தெரியாது. ஆகவே நோட்டை நகலெடுக்கும்போது உங்கள் பக்கத்தில் மூன்று பத்தி கூடுதலாகப் போடுங்கள்: அழைத்து வந்தவர் யார், தவணை உண்மையில் யார் கையிலிருந்து வருகிறது, எடுத்த பணம் முதலில் எங்கே போனது.

அந்த முதல் பத்தியிலிருந்து ஒரு வரைபடம் கிடைக்கும். இருக்கை எண்களைப் புள்ளியாக வைத்து, அழைத்து வந்தவரிடமிருந்து வந்தவருக்கு அம்பு போடுங்கள். சில சீட்டு சூரியன் மாதிரி வரும்: நடுவில் சீட்டுப் பிடிப்பவர், சுற்றிலும் பத்தொன்பது கதிர், கதிருக்குக் கதிர் தொடர்பில்லை. சில சீட்டு வாழைத்தார் மாதிரி வரும்: தண்டு ஒருவர், அதில் நான்கு சீப்பு, ஒவ்வொரு சீப்பையும் கொண்டுவந்தவர் ஒருவர்.

இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "திடீர்னு 5,000 ரூபாய் கைமாத்து வேணும்னா முதல்ல யார் வீட்டுக்குப் போவீங்க? அவங்க இல்லேன்னா?" மூன்று பெயருக்கு மேல் வேண்டாம், நான்காவது பெயரிலிருந்து மரியாதைக்குச் சொல்வார்கள். அறிமுகத்துக்கு வேறொரு கேள்வி, யார் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்பது. சாதியை நேரடியாகக் கேட்பதைவிடச் சாப்பாட்டைக் கேட்டால் விடை நேர்மையாக வரும் என்பது தமிழ்நாட்டில் களப்பணி செய்த எவருக்கும் தெரிந்ததே.

இருபது பேருக்குள் சாத்தியமான ஜோடிகள் 190. சூரிய வடிவில் 19 இணைப்புதான், அடர்த்தி (இருக்கிற இணைப்பைச் சாத்தியமான ஜோடியால் வகுத்தது) 0.10. வாழைத்தாரில் சீப்புக்கு ஐந்து பேர், சீப்புக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், சீட்டுப் பிடிப்பவர் ஒரு சீப்பில் இருந்துகொண்டு மற்ற மூன்று சீப்பின் தலையையும் அறிவார் என்றால் 43 இணைப்பு, அடர்த்தி 0.23. இங்கே ஒரு எச்சரிக்கை: இரண்டு பேர் பதில் சொல்ல மறுத்தாலே 36 ஜோடி ஒருபக்கச் சாட்சியில் நிற்கும், அவர்கள் இருவருக்கும் இடையிலான ஒரு ஜோடி முழுதாக இருட்டு. சின்ன வலைப்பின்னலில் விடுபட்ட ஆள் பெரிய ஓட்டை. அதுவும், பதில் சொல்ல மறுப்பவர் பெரும்பாலும் தவணை பாக்கி வைத்தவராகவே இருப்பார். உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இரண்டு புள்ளிதான் காணாமல் போகிறது.

இந்த இரண்டு வடிவத்தைச் சுற்றித்தான் சமூகவியலில் ஒரு பழைய வழக்கு நடக்கிறது. ஜேம்ஸ் கோல்மன் 1988-இல் சமூக மூலதனம் (உறவுகளே கைமுதலாக உதவுவது) பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் சுழற்சிச் சீட்டும் ஒன்று. எல்லோரும் எல்லோரையும் அறிந்த மூடிய வட்டத்தில் ஒருவர் தப்பு செய்தால் செய்தி சுற்றி வந்துவிடும், ஆகவே தப்பு செய்ய மாட்டார் என்பது அவர் பக்கத்து வாதம். ரொனால்டு பர்ட் 1992-இல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்: ஒருவரையொருவர் அறியாத ஆட்களுக்கு நடுவில் நிற்பவருக்குத்தான் ஆதாயம். சீட்டில் இருவர் சொல்வதும் சரி. ஆனால் வேறு வேறு நாற்காலிக்குச் சரி. மூடிய சீப்பு மற்ற உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு. சூரிய வடிவம் சீட்டுப் பிடிப்பவருக்கு லாபம். யாருக்கு இந்த மாதம் பணம் உயிர்போகிற அவசரம் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்த ஆளை உட்கார வைத்துத் தொகையை ஏற்றிவிட அவரால் முடியும். யாராவது கட்டவில்லை என்றால் அதை மற்ற பதினெட்டு பேரிடமிருந்து மறைக்கவும் முடியும்.

மார்க் கிரானோவெட்டர் 1985-இல் எழுதிய கட்டுரையைப் பொருளியல் சமூகவியலின் பிள்ளையார் சுழி என்பார்கள். பொருளாதாரச் செயல் சமூக உறவுகளுக்குள் பதிந்திருக்கிறது என்ற ஒரு வரியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதே கட்டுரையில் அவர் சொன்ன இன்னொன்றை அதிகம் பேர் எடுத்துக்கொள்ளவில்லை: உறவால் வரும் நம்பிக்கை, ஏமாற்றுவதற்கான வாய்ப்பையும் கூடவே கொண்டுவருகிறது. முன்பின் தெரியாதவரிடம் யாரும் ஒரு லட்சம் ஏமாற மாட்டார்கள். சித்தப்பாவிடம்தான் ஏமாற முடியும். உறவு இருந்தால் சீட்டு நிற்கும் என்று எழுதுகிறவர்கள் இந்த வரியை மறந்துவிடுகிறார்கள்.

வாழைத்தாரில் ஒரு சீப்பின் தலைவர் சட்டப்படி யாருக்கும் ஜாமீன் கிடையாது. ஆனால் தான் கொண்டுவந்த நால்வரில் ஒருவர் தாமதித்தால் அவர்தான் இரவு எட்டு மணிக்கு அந்த வீட்டுக்குப் போகிறார். சில சமயம் தன் கையிலிருந்து போட்டுவிட்டு வெளியே சொல்வதில்லை. அப்படிப் போட்ட பணம் நோட்டில் "கட்டியாயிற்று" என்றுதான் ஏறும். அதனால்தான், தவணை யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு பத்தி போடச் சொன்னேன். சீட்டு எடுத்தவர் கட்டுகிறார் என்று நாம் வியந்து பார்க்கும் இடத்தில் சில மாதம் அவர் கட்டவே இல்லை. அவருக்காக வேறொருவர் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

பணம் எங்கே போனது என்ற பத்தி வேறொரு பாதையில் கொண்டுபோகும். "எதுக்கு சீட்டு போடுறீங்க?" என்று கேட்டால் "சேமிப்புக்குத்தான்" என்று ஒரே பதில்தான் வரும், அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடலாம். "போன தடவை எடுத்தப்ப முதல் நோட்டு எங்க போச்சு?" என்று கேளுங்கள். மகள் காலேஜ் ஃபீஸ், அடகில் இருந்த வளையல், போர் போட்டது, கொழுந்தனார் கடன் என்று ஒழுங்காக வரும். எல்லா ரூபாயும் ஒரே ரூபாய் அல்ல, மனிதர்கள் பணத்துக்குப் பெயர் வைத்துப் பிரித்து வைக்கிறார்கள் என்று சமூகவியலாளர் விவியானா செலிசர் தொண்ணூறுகளில் விரிவாகக் காட்டினார். தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் பாத்திரச் சீட்டும் இருக்கிற ஊரில் அதைச் சொல்ல ஒரு பேராசிரியர் தேவையில்லை என்றாலும், அதில் ஆய்வுக்குப் பயன்படுகிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் 5,000-ஐ வீட்டில் யாரும் கேட்டு வாங்கலாம். "அது சீட்டுக் காசு" என்று சொல்லிவிட்டால் கணவனும் கேட்க மாட்டார், நாத்தனாரும் கேட்க மாட்டார். வீட்டுக்குள்ளிருந்து வரும் கைமாற்றுக் கேள்விகளுக்கு எதிரான வேலி அது. பல பெண்களுக்கு அந்த 0.8 சதவீதத்தைவிட இந்த வேலிதான் பெரிது. வங்கியில் ஆர்டி போட்டால் பணம் பத்திரம் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த வேலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. (ஆர்டியை உடைக்கலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.)

மொய்யோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்துத் திரட்டுவதும் பெரிய தொகைதான், அதற்கும் நோட்டு உண்டு. ஆனால் அங்கே கெடு தேதி கிடையாது. கொடுத்தவர் வீட்டு விருந்து வரும்போது கூட்டித் திருப்ப வேண்டும் என்பதுதான் முறை. சீட்டில் கணக்கு இருபதாவது மாதம் நேராகிவிடும், யாருக்கும் யாரும் கடனில்லை. மொய்யில் கணக்கு நேரானால் உறவு முடிந்தது என்று பொருள். இரண்டையும் "பரஸ்பர உதவி" என்று ஒரே தலைப்பில் போடுகிற கட்டுரையை மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனிக்குப் போனால் இதே கேள்விக்கு வேறு பதில் கிடைக்கும். 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, சீட்டைப் பதிவாளரிடம் பதிய வேண்டும். நடத்துபவர் சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை வங்கியில் பிணையாகப் போட வேண்டும், அல்லது அரசுப் பத்திரம் போன்ற பிணை தர வேண்டும். எடுத்தவர் மீதித் தவணைக்குப் போதிய ஜாமீன் காட்டினால்தான் பணம் கையில் வரும். கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்து 2019 திருத்தத்தில் 7 ஆனது. அந்தத் திருத்தம் சொற்களையும் மாற்றியது: "பரிசுத் தொகை" என்பது போய் "நிகரச் சீட்டுத் தொகை" ஆனது, "டிவிடெண்ட்" என்பது "தள்ளுபடியில் பங்கு" ஆனது. 1978-இல் பரிசுச் சீட்டுகளை (குலுக்கலில் பரிசு என்று சொல்லிப் பணம் திரட்டிய திட்டங்களை) தடை செய்த சட்டத்தின் நிழல் இந்தத் தொழில்மேல் விழுந்துகொண்டே இருந்தது. பரிசு என்ற சொல் இருக்கும்வரை இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஓர் அமைப்பு தன் வேலையைத் திறமையாகச் செய்வதால் மட்டும் நிற்பதில்லை, சுற்றியிருப்பவர்கள் முறையானது என்று ஏற்கும் சடங்குகளையும் சொற்களையும் சூடிக்கொள்வதாலும் நிற்கிறது என்று சமூகவியலாளர்கள் மேயரும் ரோவனும் 1977-இல் எழுதியதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கம்பெனியில் பார்க்க வேண்டியது ஜாமீன் ஃபைல். சம்பளச் சான்றிதழோடு வரும் அரசு ஊழியருக்கு அங்கே தனி மதிப்பு, ஏனென்றால் சம்பளத்தில் பிடிக்கலாம். நிர்வாகம் காகிதத்துக்கு மாறியதால் உறவு காணாமல் போய்விடவில்லை. குடும்பத்தில் யார் அரசு வேலையில் இருக்கிறார், அவர் யாருக்குக் கையெழுத்துப் போடுவார் என்ற கேள்வியாக அது இடம் மாறியது. பள்ளி ஆசிரியர் ஒருவர் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று எண்ணினால் அந்தக் குடும்பத்தின் வரைபடமே கிடைத்துவிடும். கேரளத்தில் 1969-இல் அரசே சீட்டு நடத்த கம்பெனி தொடங்கியது, இன்றும் திருச்சூரிலிருந்து நடக்கிறது. சீட்டு என்பது விவசாயச் சமூகம் வியாபாரச் சமூகமாக மாறும் வழியில் ஒரு நடுப்படி, வங்கி வந்ததும் தானே கரைந்துவிடும் என்று மானிடவியலாளர் க்ளிஃபோர்டு கீர்ட்ஸ் 1962-இல் எழுதினார். அந்தப் படியில் ஏறியவர்கள் அங்கேயே கடை போட்டுவிட்டார்கள்.

சீட்டு எப்படி உடைகிறது என்பதற்கு வருவோம். நடந்துகொண்டிருக்கும் சீட்டை மட்டும் பார்த்து எழுதுவது, கல்யாண மண்டபத்தில் மட்டும் கேட்டு இல்லறம் இனிது என்று எழுதுவது போல.

நம் மாதிரிக் கணக்கில் முன்பக்கமே எடுத்த ஒருவர் எட்டாவது மாதத்திலிருந்து கட்டவில்லை என்று வையுங்கள். அவர் விட்டுப்போகும் ஓட்டை 60,250 ரூபாய். சீட்டுப் பிடிப்பவரின் மொத்தக் கமிஷன் 95,000, வலிக்கும், தாங்குவார். இருவர் நின்றுவிட்டால் ஓட்டை 1,20,500. இருபது மாத உழைப்பும் போய், கையிலிருந்து 25,500 போட வேண்டும். இந்தத் தொழில் தாங்குவது மொத்தம் ஒரு ஆளைத்தான். சீட்டுப் பிடிப்பவர் கல்யாணத்துக்குப் போவதும், துக்கம் விசாரிப்பதும், தெரு முனையில் நின்று பேசுவதும் இரண்டாவது ஆள் உருவாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அதை அவர் வேலை என்று சொல்ல மாட்டார். நேரக் கணக்கு கேட்டால் "மாசத்துல ஒரு நாள்தாங்க" என்பார். ஒரு வாரம் அவர் எங்கெல்லாம் போனார் என்று நாள்வாரியாகக் கேட்டு எழுதினால்தான் கமிஷன் எதற்கு என்று புரியும்.

இரண்டாவது ஆள் உருவாகிவிட்டால் அவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அங்கேதான் சரிவு தொடங்குகிறது. இன்னொரு சீட்டு ஆரம்பிப்பார். புதுச் சீட்டின் முதல் லட்சம் அவருடையது. பழைய ஓட்டை மூடப்படும், யாருக்கும் தெரியாது. ஆனால் புதுச் சீட்டில் அவரே எடுத்துவிட்டுக் கட்ட வேண்டிய ஆளாகிவிட்டார். தொழிற்கணக்கை வீட்டுக்கணக்கிலிருந்து பிரித்ததுதான் நவீனத் தொழிலின் அடிப்படை என்று சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னதை இங்கே ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: சீட்டுப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டா? பெரும்பாலும் அந்தப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பீரோவில்தான். அதற்கடுத்துப் பார்க்க வேண்டிய அளவு, ஏலம் முடிந்து எத்தனையாவது நாள் எடுத்தவர் கையில் பணம் போகிறது என்பது. மூன்று நாளாக இருந்தது ஏழாகி, ஏழு பதினைந்தானால், நோட்டில் பாக்கி ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓட்டை விழுந்துவிட்டது. தவணைத் தாமதத்தைவிட இது முன்கூட்டியே காட்டும். அதோடு, எத்தனை சீட்டு ஒரே நேரத்தில் ஓடுகிறது, ஒவ்வொன்றும் எந்த மாதம் ஆரம்பித்தது என்று ஒரே தாளில் கோடு போட்டுப் பாருங்கள். புதுச் சீட்டின் தொடக்கம் பழைய சீட்டின் முடிவுக்குப் பின்னால் வந்தால் வழக்கம். நடுவில், எட்டு ஒன்பதாவது மாதத்தில் வந்தால் காரணம் கேட்க வேண்டும்.

கேட்பதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. நோட்டைப் போட்டோ எடுக்காதீர்கள். எண்களை மட்டும் கையால் எழுதி, பெயருக்குப் பதில் இருக்கை எண் போட்டு, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். அது கடன் பட்டியல். கை மாறினால் ஒரு குடும்பத்தின் கல்யாணப் பேச்சு நின்றுபோகலாம். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் முன்னால் பேசாதீர்கள். ஆய்வாளர் தானும் ஒரு சீட்டு போடலாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. போட்டால் உள்ளே விடுவார்கள் என்பது உண்மை. ஆனால் அன்றிலிருந்து நீங்கள் ஒரு கடன்காரர் அல்லது கடன் கொடுத்தவர். தாமதம் பற்றி நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் வசூல் மாதிரிதான் கேட்கும். என் கணக்கில் போடாமல் இருப்பதே மேல். ஏலத்தன்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உட்காரலாம்.

கட்டாமல் போனவர்களைப் பற்றி நேரடியாகக் கேட்டால் "நம்ம சீட்டுல அப்படி யாரும் இல்லை" என்பார்கள். அதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. இருபதாவது மாதம் முடிந்ததும் புதுச் சீட்டு போடுவார்கள். பழைய இருபது இருக்கையையும் புதிய இருபது இருக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நான்கைந்து பேர் மாறியிருப்பார்கள். வேலை மாற்றம், வீடு மாற்றம், மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சிலருக்குக் காரணம் உடனே கிடைக்கும். கிடைக்காதவர்களின் பெயரைச் சீட்டுப் பிடிப்பவரிடம் கேட்காதீர்கள். அவர்களை அழைத்து வந்தவர் யார் என்று உங்கள் முதல் வரைபடத்தில் பார்த்து, அவர் வீட்டுக்குப் போய், "இந்தத் தடவை அவங்க சேரலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்காருங்கள்.